நுழைவுத் திரை தவறும்போது: யூனிக்ஸ் கணிப்பொறிகளின் நுழைவு நிரல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணிப்பொறியை இயக்கியதும், பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை ஒன்று தோன்றுகிறது. அதனைத் தரும் நிரலை இக்கட்டுரையில் நுழைவு நிரல் என்று அழைப்போம். லினக்சிலும் பி.எஸ்.டி. இனத்து இயக்க அமைப்புகளிலும் இத்தகைய நிரல்கள் பல உள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்று மாணவர்கள் கேட்டால், பின்னணிப் படத்தின் அழகைச் சொல்லியே பலரும் விடை கூறுகின்றனர். வோல்ட்மீட்டரைப் பெட்டியின் நிறம் பார்த்து வாங்குவதைப் போன்றதே இதுவும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் நுழைவு நிரல்களிடையே பெரிய வேறுபாடு கிடையாது. ஏதேனும் பழுதுபட்ட நாளில்தான் ஒவ்வொன்றின் தரமும் வெளிப்படும். அந்த அளவுகோலைக் கொண்டே இங்கு அவற்றைப் பார்ப்போம்.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது படத்திரை ஏதுமில்லை. தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப் கருவிகளே இருந்தன. கெட்டி என்னும் சிறு நிரல் பெயரைக் கேட்கும். லாகின் என்னும் மற்றொரு நிரல் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிசும் எக்ஸ் என்னும் சாளர அமைப்பைத் தொடங்கினர். அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. எழுத்துத் திரையில் நுழைந்து, பிறகு எக்சைக் கையால் தொடங்குவதே அப்போது வழக்கம். ஆனால் தட்டு இல்லாத, வெறும் திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட எக்ஸ் முனையங்கள் வந்தபோது இது போதவில்லை. எனவே 1988இல் கீத் பேக்கார்டு எக்ஸ்.டி.எம். என்ற நிரலை எழுதினார். இன்றுள்ள நுழைவு நிரல்களுக்கெல்லாம் முன்னோடி இதுவே.

எக்ஸ்.டி.எம். எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகவே காண வேண்டும். இதன் குணமும் குறையும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அது ரூட் என்னும் முழு அதிகாரத்துடன் ஓடுகிறது. முதலில் எக்ஸ் சர்வரைத் தொடங்கி, திரையில் பெட்டியைக் காட்டுகிறது. கடவுச்சொல் சரியானால், 128 பிட் நீளமுள்ள ஓர் இரகசிய எண்ணைப் பயனரின் சொந்த அடைவில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அந்த எண்ணைக் காட்டும் நிரல்களுக்கே எக்ஸ் சர்வர் இடம் கொடுக்கும். பின்னர் தன் அதிகாரத்தைக் களைந்து, பயனரின் பெயரால் எக்ஸ்-செஷன் என்ற குறிப்புக் கோப்பை ஓட்டுகிறது. அந்தக் கோப்பு ஓடி முடியும் வரை அமர்வு நீடிக்கும். முடிந்ததும் மறுபடி நுழைவுத் திரை வந்துவிடும். எளிய, அழகிய ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு ஒருவர் வெளியேறினாலும், அமர்வு தொடங்கிய அரை நொடியில் இறந்துபோனாலும், நிரலின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அமர்வு முடிந்தது, மீண்டும் பெட்டியைக் காட்டு, அவ்வளவுதான். தம் அடைவில் சொந்தக் குறிப்புக் கோப்பை எழுதும் மாணவர், கடைசி வரியில் ஓடும் நிரலைப் பின்புலத்திற்கு அனுப்பும் குறியைச் சேர்த்துவிட்டால், கோப்பு உடனே முடிந்துவிடும். அமர்வும் அத்துடன் முடிந்துவிடும்.  தட்டு நிரம்பியிருந்து இரகசிய எண் கோப்பை எழுத இடமில்லாவிட்டாலும் இதே விளைவுதான். திரை ஒரு கணம் கறுக்கும், பெட்டி மறுபடி வரும். காரணம் சொல்ல ஒரு சொல்லும் இராது.

இது சிறு குறை என்று எண்ண வேண்டாம். எங்கள் ஆய்வுக்கூடத்தில், செய்முறைத் தேர்வுக்கு முந்திய நாள், இறுதியாண்டு மாணவி ஒருவர் சரியான கடவுச்சொல்லை இருபது முறைக்கு மேல் அடித்துப் பார்த்திருக்கிறார். தாம்தான் மறந்துவிட்டதாக முடிவு செய்து, கண் கலங்கிய நிலையில் வந்து நின்றார். எழுத்துத் திரைக்கு மாறி நுழைந்து பார்த்தபோது அவர் கடவுச்சொல்லில் பிழை ஏதும் இல்லை. ஊசல் சோதனையின் அளவீடுகளைப் பதிவு செய்யும் நிரல் ஒன்று இரவெல்லாம் ஓடித் தட்டை நிரப்பியிருந்தது. பழைய பதிவுகளை அழித்ததும் சிக்கல் தீர்ந்தது. "கடவுச்சொல் சரி, ஆனால் தட்டில் இடமில்லை" என்று திரையில் ஒரு வரி வந்திருந்தால் அவருக்கு அந்த மாலை வீணாகியிராது. மனிதரின் நினைவைச் சந்தேகிக்கும்படி செய்யும் கருவி நல்ல கருவி ஆகாது.

எக்ஸ்.டி.எம்.மில் இதற்கு ஒரு மாற்று உண்டு. கடவுச்சொல்லை அடித்தபின் என்டர் விசைக்குப் பதிலாக எஃப்-1 விசையை அழுத்தினால், பயனரின் குறிப்புக் கோப்பைத் தொடாமல் ஒரே ஒரு முனையச் சாளரத்தை மட்டும் திறந்து தரும். அருமையான வசதிதான், ஆனால் கையேட்டைப் படித்தவர்க்கே தெரியும். தீயணைப்புக் கருவியைப் பூட்டிய அறையில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பின்வந்தவை இந்தக் குறையை நீக்கினவா? க்னோம் திட்டத்தின் ஜி.டி.எம். முதலில் அமைப்பு வசதிகள் நிறைந்ததாக இருந்தது. மாற்றங்களைச் செய்யத் தனி உரையாடற் சாளரமே இருந்தது. 2008இல் அந்நிரல் அடியோடு திருத்தி எழுதப்பட்டபோது அந்தச் சாளரம் போயிற்று. பல வசதிகளும் அதனுடன் மறைந்தன. உட்கட்டமைப்பு சீரானது உண்மைதான். ஆயினும் ஆய்வுக்கூடங்களைப் பராமரிப்போர் கைவசமிருந்த திருகாணிகளை இழந்தனர். இரகசிய எண்ணைப் பயனரின் அடைவில் வைக்காமல் நினைவகத்தில் அமைந்த தற்காலிக அடைவில் வைப்பது ஜி.டி.எம். செய்த நல்ல மாற்றம். ஆனால் அமர்வு தொடங்க இயலாதபோது க்னோம் காட்டும் செய்தி, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, வெளியேறி மறுபடி முயலுக என்பதே. எது தவறியது என்பதைச் சொல்லாத செய்தியால் என்ன பயன்? நோயாளியிடம் "உமக்கு ஏதோ நோய்" என்று மருத்துவர் கூறுவதைப் போன்றது இது.

கே.டி.இ. மேசைத்தளத்துடன் இன்று வரும் எஸ்.டி.டி.எம். ஒரு விதத்தில் பாராட்டத்தக்கது. அதன் தோற்றங்கள் க்யூ.எம்.எல். என்னும் மொழியில் எழுதப்பட்ட நிரல்களே. ஆகவே அவை பழுதுபட வாய்ப்புண்டு. பழுதுபட்டால் அது பிழையைத் திரையிலேயே எழுதிக் காட்டி, உள்ளே பொதிந்துள்ள எளிய பெட்டியின் வழியாக நுழையவும் விடுகிறது. நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

ஸ்லிம் என்னும் சிறிய நிரலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலகுவானது என்று பலர் விரும்பினர்; ஆனால் 2013க்குப் பின் அதை முதலில் உருவாக்கியோர் கைவிட்டுவிட்டனர். வாயிலைக் காப்பவனே ஓய்வு பெற்றுவிட்ட வீடு அது.

லைட்-டி.எம். 2011 அக்டோபரில் உபுண்டுவில் ஜி.டி.எம்.முக்குப் பதிலாக இடம் பெற்றது. 2017 அக்டோபரில் உபுண்டு மீண்டும் ஜி.டி.எம்.முக்கே திரும்பியது. சரிபார்க்கும் பகுதியையும் காட்டும் பகுதியையும் தனித்தனி நிரல்களாகப் பிரித்தது இதன் சிறப்பு. கடவுச்சொல் இன்றிப் பயன்படுத்தும் விருந்தினர் அமர்வும் இதில் இருந்தது. அந்த அமர்வு பிறருடைய அடைவுகளைப் பார்க்காதபடி ஆப்-ஆர்மர் என்ற வேலி போடப்பட்டிருந்தது. ஆனால் உபுண்டு 16.10இல் பயனரின் நிரல்களைத் தொடங்கும் வேலை சிஸ்டம்-டி என்னும் அமைப்பின் கைக்கு மாறியதும், அந்நிரல்கள் வேலிக்கு வெளியே பிறக்கலாயின. கணிப்பொறி முன் அமர்ந்த எவரும் பிறர் கோப்புகளைத் திறக்கலாம் என்ற நிலை. 2017இல் இது கண்டறியப்பட்டு, விருந்தினர் அமர்வே முடக்கப்பட்டது. வேலி இடித்துத் தள்ளப்படவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது, வீடுதான் நகர்ந்துவிட்டது.

தவறான கடவுச்சொல்லுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு நொடி தாமதம் ஏற்படுவதைக் கண்டு, கணிப்பொறி மெதுவானது என்று பலர் குறைகூறுகின்றனர். அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளால் ஆன கடவுச்சொற்கள் மொத்தம் 30,89,15,776. சராசரியாக அவற்றில் பாதியை முயல வேண்டும். ஒரு முயற்சிக்கு இரண்டு நொடி என்றால் ஏறக்குறைய 9.8 ஆண்டுகள் பிடிக்கும். தாமதம் இல்லாமல் நொடிக்கு ஆயிரம் முயற்சி நடந்தால் இரண்டு நாள்கூட ஆகாது. மாறாக, பயனர் எல்லாருடைய பெயரையும் திரையில் வரிசையாகக் காட்டும் வழக்கத்தை என்னால் ஆதரிக்க முடியவில்லை. வீட்டில் அது வசதி. பலர் வந்துபோகும் ஆய்வுக்கூடத்தில் பாதிச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். ஜி.டி.எம்., லைட்-டி.எம். இரண்டிலும் இதனை நிறுத்த வழியுண்டு. அமைக்கும் நாளிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

நம் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு கண்ணி: விசைப்பலகை தமிழ் அமைப்பில் இருக்கும்போது அடித்த கடவுச்சொல்லும் திரையில் புள்ளிகளாகவே தெரியும். எந்த அமைப்பு நடப்பில் உள்ளது என்பதைப் புதிய நிரல்கள் மூலையில் காட்டுகின்றன. எக்ஸ்.டி.எம். அதைக் காட்டுவதில்லை.

இதனினும் ஆழமான ஒரு வினாவுக்கு எந்த நுழைவு நிரலும் நிறைவான விடை தரவில்லை. திரையில் உள்ள பெட்டி உண்மையானதா? முந்தி அமர்ந்தவர் அதே தோற்றமுள்ள போலிப் பெட்டியை ஓடவிட்டுச் சென்றிருக்கலாமன்றோ? 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னது இதற்காகவே. அந்தக் கூட்டு விசையை எந்தச் சாதாரண நிரலும் இடைமறிக்க இயலாது. லினக்சில் ஆல்ட், சிஸ்-ஆர்க்யூ, கே ஆகிய விசைகள் அந்தத் திரையில் ஓடும் நிரல்களையெல்லாம் கொன்றுவிடும். அதன்பின் வரும் பெட்டியை நம்பலாம். ஆனால் சில வழங்கல்களில் இவ்விசை முடக்கப்பட்டே வருகிறது.

இனி நிறுவும் முறை. டெபியனில் இரண்டாவது நுழைவு நிரலை நிறுவினால், எது முதன்மையானது என்று கேட்டு, விடையை ஒரே வரியுள்ள கோப்பில் எழுதிவைக்கும். சிஸ்டம்-டி உள்ள மற்ற வழங்கல்களில் பழையதை முடக்கிவிட்டுப் புதியதை இயலச் செய்யலாம். ஃப்ரீ-பி.எஸ்.டி.யில் எக்ஸ்.டி.எம்.முக்கு, முனையங்களின் பட்டியல் கோப்பில் ஒன்பதாம் முனையத்தின் வரியில் 'ஆஃப்' என்பதை 'ஆன்' என்று மாற்றினால் போதும். ஓப்பன்-பி.எஸ்.டி. எக்ஸ்.டி.எம்.மைச் செதுக்கி 2017 முதல் செனோ-டி.எம். என்ற பெயரில் வழங்குகிறது. தொலைவிலுள்ள முனையங்களை ஏற்கும் வசதியை எங்கும் திறக்க வேண்டாம். அவ்வழியே செல்லும் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இன்றியே கம்பியில் போகிறது.

எந்த நிரலாயினும், கணிப்பொறி தொடங்கும்போதே தானாக ஓடும்படி உடனே அமைத்துவிடக் கூடாது. முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 விசைகளால் எழுத்துத் திரைக்கு மாறி, அங்கே ரூட்டாக நுழைந்துகொள்ள வேண்டும். அங்கிருந்து புதிய நிரலை ஒரு முறை கையால் தொடங்கிப் பார்க்க வேண்டும். எக்ஸ் சர்வர் தொடங்கத் தவறி, நிரல் அதை மீண்டும் மீண்டும் எழுப்பினால் திரை மின்னிக்கொண்டே இருக்கும். விசைகள்கூட எடுபடாமல் போகலாம். கையால் தொடங்கியிருந்தால், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இயக்கினால் பழைய நிலை வந்துவிடும்.