தெருமுனைக்கு வந்த மருத்துவம்

2020 மே முதல் வாரத்தில் கொரோனா பரவியதால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அதன்பின் சென்னையில் காய்ச்சல் கண்ட ஒருவர் எங்கே போயிருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். தெருக்கோடி கிளினிக்குகள் பல பூட்டிக் கிடந்தன. மாநகரப் பேருந்து ஓடவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் இல்லாத நோயும் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டிலிருப்பவர்களே தடுத்தார்கள். ஊர் என்ன செய்யுமோ என்ற பயம் வேறு. அதற்கு முந்தைய மாதம்தான், தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கித் துரத்தியிருந்தது. மருத்துவருக்கே அந்தக் கதி என்றால், கூலிக்குப் போகிறவர் தனக்குக் காய்ச்சல் என்று வாய் திறப்பாரா?

இந்த நிலையில்தான் பெருநகர சென்னை மாநகராட்சி காய்ச்சல் முகாம்களைத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. முகாம் புதிய யோசனை அல்ல. 2015 வெள்ளத்தின்போதும் 2017இல் டெங்கு பரவியபோதும் நம் ஊர்களில் நடந்ததுதான். புதிதாக இருந்தது அதன் அளவு. 15 மண்டலங்கள், 200 வார்டுகள், ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான முகாம்கள். அதோடு வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று விசாரிக்க ஆயிரக்கணக்கான களப்பணியாளர்கள். தமிழ்நாடு பெருந்தொற்றுக் காலத்தில் செய்தவற்றில் மிகச் சிறந்தது இந்த முகாம்தான் என்பது என் எண்ணம். அதனாலேயே அதன் குறைகளையும் விரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

முகாமுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம்தான். நிழலுக்கு ஒரு ஷாமியானா, அல்லது ஒரு சமுதாயக் கூடத்தின் தாழ்வாரம். இரண்டு மேசை, பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், பெயர் எழுத ஒருவர். நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். காய்ச்சல் மாத்திரையும் சத்து மாத்திரையும் பொட்டலமாகக் கட்டித் தந்தார்கள். கபசுரக் குடிநீரைக் காகிதக் கோப்பையில் ஊற்றினார்கள். சந்தேகம் இருந்தால் மூக்கிலும் தொண்டையிலும் சளி மாதிரி எடுத்தார்கள், அல்லது எங்கே போய் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே யாரும் காப்பீட்டு அட்டை கேட்கவில்லை. முன்பதிவு கிடையாது. படிவம் நிரப்பத் தெரிய வேண்டியதில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு பத்து வீடு தள்ளி நடந்தால் போதும்.

இந்தப் பத்து வீட்டுத் தொலைவுதான் விஷயம். வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ இருக்கும் முதியவர், பேருந்து இல்லாத ஊரடங்கில் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ராயப்பேட்டை மருத்துவமனைக்கோ எப்படிப் போவார்? மகன் பைக்கில் கூட்டிப்போனால் வழியில் போலீஸ் நிறுத்தும். முகாம் அந்தத் தடைகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அகற்றியது. ஆக்சிமீட்டரின் பங்கையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் மூச்சுத் திணறல் வெளியே தெரிவதற்கு முன்பே இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடுவதுண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் விரலில் அந்தக் கருவி 90க்குக் கீழே காட்டும்போதுதான் ஆபத்து புலப்படும். வீட்டில் அந்தக் கருவி வாங்கிவைக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு, அது தெருவுக்கே வந்தது பெரிய காரியம்.

முகாம்களால்தான் தொற்று தணிந்ததா? ஜூன் இறுதியில் நாளுக்கு 2,000ஐத் தாண்டியிருந்த சென்னையின் எண்ணிக்கை, ஜூலை இறுதியில் ஏறக்குறைய 1,000க்கு இறங்கியது. அதிகாரிகள் அதை முகாம்களின் கணக்கில் எழுத விரும்பினார்கள். ஆனால் ஜூன் 19 முதல் சென்னையிலும் அண்டை மாவட்டங்களின் பகுதிகளிலும் கடுமையான முழு ஊரடங்கு இருந்தது. முகக்கவசம் பழக்கத்துக்கு வந்திருந்தது. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. முகாமின் மதிப்பை அந்த வரைபடத்தில் தேடுவதைவிட, மருத்துவரைப் பார்க்கவே வாய்ப்பில்லாதவர்கள் பார்த்தார்கள் என்பதில் தேடுவதே நியாயம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். மிகப் பெரிய குறை, மாத்திரை தந்த கையே கதவில் தகரமும் அடித்தது.

சளி மாதிரி கொடுத்தவருக்குத் தொற்று உறுதியானால் என்ன நடந்தது? மாநகராட்சி ஊழியர்கள் வந்தார்கள். வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பல இடங்களில் வீட்டு வாசலையோ சந்து முனையையோ தகரத் தடுப்பால் அடைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் கோடு போட்டார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. அடுக்குமாடியில் வசிப்பவருக்கு இது சங்கடம். குடிசைப் பகுதியில் ஒரே குழாயையும் ஒரே கழிப்பறையையும் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இது விலக்கிவைத்தல். வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார் என்று வையுங்கள். அவர் வாசலில் ஒட்டிய தாளை ஒருவர் படமெடுத்து அனுப்பினால் போதும், நான்கு வீட்டு வேலையும் போய்விடும். அவருக்குத் தொற்று பதினான்கு நாளில் சரியாகலாம். போன வேலை திரும்பி வராது.

விளைவு எதிர்பார்க்கக் கூடியதுதான். மக்கள் காய்ச்சலை மறைத்தார்கள். வீட்டுக்கு வந்த களப்பணியாளரிடம் எல்லோரும் நலம் என்றார்கள். பரிசோதனையின்போது தவறான முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்தவர்களைத் தேட, மாநகராட்சி காவல்துறையின் உதவியை நாட வேண்டியிருந்தது. இதை மக்களின் பொறுப்பின்மை என்று அப்போது பலரும் திட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பரிசோதனை முடிவு தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்தவர்கள் அவர்கள். தொற்றாளர் வீட்டு வாசலில் தகுதியுள்ள அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது. முதல் அலை அதற்குள் வடிந்திருந்தது.

தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காய்கறி, பால், மருந்து வாங்கித் தர மாநகராட்சி தன்னார்வலர்களை நியமித்தது. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், துணிச்சலோடு வேலை செய்தார்கள். அம்மா உணவகங்களில் ஊரடங்குக் காலத்தில் இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். ஆனால் காய்கறி வாங்கிவர ஆள் இருந்தாலும் கொடுத்தனுப்பக் கையில் காசு வேண்டுமே! அரசு தந்த நிவாரணத் தொகை, 2020இல் 1,000 ரூபாயும் 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும், குடும்ப அட்டைதாரர்களுக்கு என்று வந்தது. தொற்று கண்டு வேலைக்குப் போக முடியாமல் அடைபட்டவருக்கு என்று தனியாக நாள்கூலி எதுவும் முகாமோடு இணைக்கப்படவில்லை. தனிமையில் இரு என்று சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. அந்தச் சொல்லோடு பதினான்கு நாள் கூலியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், பொய் முகவரிகள் இவ்வளவு பெருகியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த குறை, முகாமின் கண் காய்ச்சலை மட்டுமே பார்த்தது. அதே நாற்காலியில் வந்து அமர்ந்தவருக்குச் சர்க்கரை இருந்திருக்கும். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து வாரக்கணக்காகியிருக்கும். மூன்று வாரமாக விடாத இருமல் இருந்திருக்கும். தொற்று இல்லை என்று முடிவு வந்ததும் அவர் கணக்கிலிருந்து கழிந்துவிட்டார். இந்தியாவில் 2019இல் ஏறக்குறைய 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் பதிவானவர்கள் சுமார் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. இருமலோடு மக்கள் வரிசையில் நின்ற ஒரு காலத்தில் இது நடந்தது என்பது மனத்தை உறுத்துகிறது. கொரோனாவையும் காசநோயையும் சேர்த்தே பரிசோதிக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஆகஸ்டில் வழிகாட்டியது. அந்த மேசைகளில் சளி சேகரிக்கும் டப்பாவும் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

2021 மே மாதத்தில் முகாம் என்னும் முறையின் எல்லை தெரிந்தது. இரண்டாம் அலையின் உச்சத்தில், மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. இப்போது மக்களுக்குத் தேவைப்பட்டது மாத்திரைப் பொட்டலம் அல்ல, ஆக்சிஜன் படுக்கை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே இடம் கிடைக்கும்வரை நோயாளிகள் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜனில் படுத்துக் கிடந்தார்கள். அரசு தேனாம்பேட்டையில் ஒருங்கிணைந்த கட்டளை மையத்தைத் திறந்தது. அரசு, தனியார் மருத்துவமனைகளின் காலிப் படுக்கைகளை ஒரே இடத்தில் பார்த்து ஒதுக்கினார்கள். 104ஐ அழைக்கலாம், ட்விட்டரிலும் கேட்கலாம். இரவு பகலாக அங்கே அமர்ந்து தொலைபேசி எடுத்த இளம் மருத்துவர்களும் மாணவர்களும் பல உயிர்களைக் காத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறந்தது? ட்விட்டரில் வந்த வேண்டுகோள்களைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நோயாளியின் வயது, ஆக்சிஜன் அளவு, சி.டி. ஸ்கேன் மதிப்பெண், பரிசோதனை எண், தொடர்பு எண் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். இவ்வளவையும் திரட்டி எழுத வீட்டில் ஒரு படித்த பிள்ளையும், ஸ்கேன் எடுக்கச் சில ஆயிரம் ரூபாயும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் ஆட்டோவில் ஏறி நேரே மருத்துவமனை வாசலுக்கு வந்தார். அவர் பெயர் எந்தக் கணினித் திரையிலும் இல்லை.

ரெம்டெசிவிர் மருந்துக்கான வரிசை இதைவிட மோசம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு நேரு விளையாட்டரங்கிலும், நோயாளிகளின் உறவினர்கள் இரவெல்லாம் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்த மருந்து இறப்பைக் குறைப்பதற்குச் சான்று இல்லையென்று கூறி, மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தனியார் மருத்துவமனைகளுக்கு நேரடியாக மருந்தை அனுப்பும் முடிவு மே 18ஐ ஒட்டித்தான் வந்தது. அந்த முடிவை முதல் நாளே எடுத்திருக்கலாம். ஒரு மருந்தை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது அரசின் வேலையா, நோயாளியின் மகனுடைய வேலையா?

தடுப்பூசியிலும் இதே கதைதான். 18 முதல் 44 வயது வரையிலானோருக்குக் கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம் என்றபோது, செல்போனில் விரல் வேகம் உள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள். அந்த விதி தளர்ந்த பிறகு, செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு 40,000 இடங்களில் முகாம் போட்டது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். தடுப்பூசி இருப்பும் அதற்குள் கூடியிருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆனாலும் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் பேருந்து நிலையத்திலும் மேசை போட்டால் மக்கள் வருகிறார்கள் என்பது அன்று நிரூபணமானது.

முகாமின் நல்ல அம்சத்தை நிரந்தரமாக்கும் முயற்சி என்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைச் சொல்லலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அது தொடங்கியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் கிடைக்கின்றன. கொரோனா முகாம் தவறவிட்ட நோயாளிகளைத்தான் இது தேடிப் போகிறது. தகரமும் தாளும் இல்லாமல் போகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது, தகுதியான விருதுதான்.

ஆனால் இதைத் தோளில் சுமக்கும் பெண்களைப் பாருங்கள். சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த அவர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. பிறகு 5,500. சென்னையில் 2020இல் வீடு வீடாகப் போன களப்பணியாளர்களும் தற்காலிக ஊழியர்கள்தான். கொரோனாவுக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் வீதியில் இறங்கிப் போராடிய பிறகே மாற்று வேலை பற்றிப் பேச்சு எழுந்தது. தெருவுக்கு வரும் மருத்துவத்தின் பலமே, யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று பெயர் சொல்லித் தெரிந்த ஆள்தான். அந்த ஆளை ஆண்டுக்கொரு முறை மாற்றினால் முகாம் வெறும் ஷாமியானாவாகத்தான் நிற்கும்.

இதையெல்லாம் கேட்க ஓர் இடம் உண்டு. 2022இல் தமிழ்நாடு அரசு நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. அடுத்த முறை உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது போய் உட்காருங்கள். நம் தெருக்களுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் யார், அவருக்கு மாதம் எவ்வளவு தருகிறீர்கள் என்று கேளுங்கள். அடுத்த தொற்று வந்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால், நாள்கூலிக்காரருக்கு அந்த நாட்களின் கூலியை யார் தருவார்கள் என்றும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் ஒன்றை வாங்கிவையுங்கள்.