நன்றி சொல்லும் கதைகளும் கே.எஸ். மணியமும்

என் முதல் சிறுகதையை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கூலிமில் வேலை கிடைத்து, ஐந்து வருடக் கோலாலம்பூர் வாழ்க்கையை மூட்டை கட்டிவிட்டு சுங்கைப்பட்டாணி வீட்டுக்கே திரும்பியிருந்த நேரம் அது. கதையும் அதைப் பற்றியதுதான். பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன், நோயில் விழுந்த அப்பாவைப் பார்க்க ஊருக்கு வருகிறான். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப்போன அப்பாவை நினைத்துக்கொள்கிறான். அதுவரை சாமி கும்பிடாதவன் சாமி மேடைக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறான். கண்ணீர். முற்றும்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தான்யா எழுதியிருக்க. இது யாரோட அப்பா?"

"நம்ம அப்பாதாம்மா."

"உங்கப்பா எப்ப மரம் வெட்டுனாரு? அவரு மருந்தடிக்கிற வேலையில இருந்தாரு. மரம் வெட்டுனது நானு."

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த ஒரு வரிதான்.

எனக்கு இரண்டு வயதிருக்கும்போதே எங்கள் குடும்பம் தீம்பாரை விட்டு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அப்பா, ராத்திரி ஷிப்ட் பார்க்கும் காவலாளி. எனக்குத் தெரிந்த அம்மா, கையுறைத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறுபவர். அதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. கதைக்கு ஒரு தீம்பாரத்து அப்பா தேவைப்பட்டபோது, படித்த கதைகளிலிருந்து ஓர் அப்பாவைக் கடன் வாங்கிக்கொண்டேன். அவர் நன்றாகவே இருந்தார். தலையில் விளக்கு, கையில் உளி, வேட்டியில் பால் கறை. ஆனால் அவர் என் அப்பா இல்லை. அதைவிட மோசம், அவர் வந்து நின்ற இடம் என் அம்மாவுடையது.

என் வயதுக்காரர்கள் போட்டிகளுக்கும் இதழ்களுக்கும் எழுதும் கதைகளில் இந்த 'ஊர் திரும்பும் மகன்' அடிக்கடி தலைகாட்டுகிறான். மகளாகவும் வருவதுண்டு. பெரும்பாலும் மூன்று கட்டங்கள். முதலில் படிப்பும் சம்பளமும் தந்த அலட்சியம். அடுத்து ஒரு நோய் அல்லது சாவு. கடைசியில் திடீரென்று பொங்கும் நன்றியும் பக்தியும். யார் கதையையும் உதாரணம் காட்டப்போவதில்லை, என் கதையே போதும். நாம் எல்லாரும் பொய் எழுதுகிறோம் என்று சொல்ல வரவில்லை. அழும்போது உண்மையாகத்தான் அழுகிறோம். ஆனால் இந்தக் கதைகளில் பெற்றோருக்கு ஒரே ஒரு வேலைதான், மகனை அழவைப்பது. அது முடிந்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. நன்றி சொல்லியாகிவிட்டது, கணக்குத் தீர்ந்துவிட்டது, மகன் லேசான மனத்தோடு கோலாலம்பூர் பஸ் ஏறிவிடலாம்.

திருக்குறளின் பதினோராவது அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றியறிதல்'. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்தத் தலைப்பைக் கவனித்ததில்லை. அது நன்றி 'கூறல்' இல்லை, 'அறிதல்'. யார், என்ன, எப்போது, எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது. அது தெரியாமல் சொல்லும் நன்றி, பெயர் எழுதாத கல்யாணப் பத்திரிகை மாதிரி. யாரிடம் வேண்டுமானாலும் நீட்டலாம்.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு நான் மீண்டும் எடுத்துப் படித்த நாவல் கே.எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்'. ஆங்கிலத்தில் எழுதியவரைப் பற்றித் தமிழ் இதழில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மணியம் 1942இல் பீடோங்கில் பிறந்தவர். என் வீட்டிலிருந்து மோட்டாரில் போனால் கால் மணி நேரம்தான். தமிழ்ப் பள்ளியில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக இருந்தவர். 2020 பிப்ரவரியில் காலமானார். 1981இல் வந்த இந்த நாவலின் மொழி ஆங்கிலமாக இருக்கலாம், உள்ளே வாழ்கிறவர்கள் நம் ஆட்கள். நாவலின் பெயரே 'திரும்புதல்'. ஊர் திரும்பும் மகனின் கதையை நமக்கு வெகுகாலம் முன்பே ஒருவர் எழுதிவிட்டார். அவர் எழுதியதற்கும் நாம் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப்பட்டது.

நாவலைச் சொல்பவன் ரவி. அப்பாவை 'நைனா' என்கிறான். நைனாவுக்கு ஆஸ்பத்திரி வளாகத்தில் டோபி வேலை. ரவி ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான், மிஸ் நான்சி என்ற ஆசிரியையிடம் அயல்நாட்டு தேவதைக் கதைகளைக் கேட்டு வளர்கிறான், இங்கிலாந்துக்குப் போய் ஆசிரியராகித் திரும்புகிறான். நாம் எழுதுவதாக இருந்தால் இந்த இடத்தில் மகன் காலில் விழுந்திருப்பான். ரவி விழுவதில்லை. திரும்பி வந்தவனுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் அப்படியே இருக்கிறது. நைனா ஆற்றோரத்தில் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் ஒரு வீடு கட்டும் வெறியில் இருக்கிறார். படித்த மகனால் அந்த வெறிக்குள் நுழைய முடியவில்லை. கடைசியில் நைனா அந்த வீட்டோடு தீயில் மாண்டுபோகிறார்.

முதல் தடவை பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு ரவியைப் பிடிக்கவில்லை. நன்றி கெட்டவன் என்று நினைத்தேன். விடுதி அறையில் நண்பனிடம், "இவனெல்லாம் ஒரு மகனா?" என்று திட்டியது நினைவிருக்கிறது. இப்போது படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. ரவி என்ற பாத்திரம் நன்றி சொல்லவில்லை. ஆனால் ரவி சொல்லும் கதை முழுக்க அறிதல்தான்.

நாவலின் தொடக்கத்தில் வரும் பாட்டி பெரியதாயியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு இந்தியாவிலிருந்து வந்து, ஓட்டைப் பாத்திரம் அடைத்து, சேலை சுமந்து விற்று, தின்பண்டம் போட்டு விற்று, ஒரு துண்டு நிலத்தில் வீட்டைக் கட்டி நிமிர்கிறாள். அந்த நிலத்துக்கு அவளிடம் கிராண்டு இல்லை. 1958இல் சாகும்வரை அந்த மண் அவளுக்குச் சொந்தமாவதில்லை. ரவி அவளைத் தியாகி என்று ஓரிடத்திலும் தூக்கிப் பிடிப்பதில்லை. அவள் என்ன விற்றாள், எப்படி நடந்தாள், எதைக் கண்டு பயந்தாள் என்று சொல்கிறான். அவள் தியாகி என்று முடிவுசெய்வது நாம்தான். அந்த முடிவை வாசகனிடம் விட்டுவைக்கும் தைரியம் நம் கதைகளுக்கு இன்னும் வரவில்லை.

பக்தியிலும் இதே வித்தியாசம்தான். நம் கதைகளில் பக்தி ஒரு கதவு மாதிரி, மகன் கடைசியில் திறந்து உள்ளே போகிறான். மணியத்திடம் அது குடும்பத்துக்குள்ளேயே உருமாறிக்கொண்டிருக்கும் ஒன்று. பெரியதாயிக்கு நடராஜர் இருக்கிறார். கிராண்டு இல்லாத வீட்டில் அவளுக்கு உரிமையாக இருக்கும் ஒரே இடம் அந்த வழிபாடுதான். அவள் மகன் நைனாவுக்கு அது போதவில்லை. தமிழ், மலாய், சீனம் எல்லாம் கலந்த ஒரு மொழியில் தனக்குத் தானே மந்திரம் சொல்லத் தொடங்குகிறார். ஊருக்கு அது பைத்தியம். எனக்கு அது இந்த நாட்டு மண்ணுக்குப் புரிகிற மாதிரி சாமி கும்பிட முயன்ற ஒரு மனிதனின் தவிப்பாகத் தெரிகிறது. ரவிக்கோ இரண்டுமே எட்டாதவை. மூன்று தலைமுறை, மூன்று நிலை. எதையும் மணியம் சரி, தப்பு என்று சொல்வதில்லை. நைனாவுக்கான ஒரு கவிதையோடு நாவலை முடிக்கிறார். சொற்கள் போதாது என்று ஒப்புக்கொள்ளும் கவிதை. நன்றி சொல்லி நிம்மதியடைந்தவனின் குரல் அதில் இல்லை, தாமதமாகப் புரிந்துகொண்டவனின் குரல்தான் இருக்கிறது.

மணியத்திடம் எனக்குக் குறைகளும் உண்டு. பெரியதாயி போன பிறகு நாவலில் பெண்கள் மங்கிவிடுகிறார்கள். நைனாவின் வெறி பக்கம் பக்கமாக வருகிறது. அதே வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. அம்மாவை மறந்துவிட்டு அப்பாவைப் பற்றிக் கதை எழுதிய நான் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் என் தப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், மகன்-அப்பா கதையாகவே ஊர் திரும்புவதைப் பார்த்துப் பழகிய நம் வாசிப்புக்கும் அதில் பங்கிருக்கிறது.

2003இல் வந்த அவருடைய 'பிட்வீன் லைவ்ஸ்' நாவலில் இந்தக் குறையை அவரே ஓரளவு சரிசெய்திருக்கிறார் என்பது என் வாசிப்பு. அங்கே இளையவள் சுமித்ரா, அரசாங்க அதிகாரி. தன் நிலத்தை விட்டுப் போக மறுக்கும் செல்லம்மா என்ற கிழவியைப் பேசிச் சம்மதிக்க வைக்க அனுப்பப்படுகிறாள். பேசப் போனவள் கேட்கத் தொடங்குகிறாள். கேட்கக் கேட்க, கிழவியின் நிலம் அவளுக்கும் நிலமாகிறது. செல்லம்மா அவளுக்கு ரத்த உறவு இல்லை, அவள் பட்ட கடன் எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் ரவி உயிரோடு இருந்த தன் அப்பாவுக்குச் செய்யாததை இவள் ஓர் அந்நியக் கிழவிக்குச் செய்கிறாள், உட்கார்ந்து கேட்கிறாள். சில இடங்களில் செல்லம்மா மனுஷியாக இல்லாமல் புராணமாகிவிடுகிறாள். அங்கே எனக்கு அலுப்புத் தட்டியது. இருந்தாலும் 1981இலிருந்து 2003 வரை ஓர் எழுத்தாளர், தாமதமாக அறிந்த மகனிலிருந்து நேரத்தோடு கேட்கும் பெண்ணை நோக்கி நகர்ந்திருக்கிறார். எனக்கு மணியத்தின் உண்மையான 'திரும்புதல்' அதுதான்.

இதைப் படித்துவிட்டு நான் பெரிய ஞானியாகிவிடவில்லை. அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மா ஏதோ முணுமுணுப்பார். ஏதோ மந்திரம் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். ஒருநாள் பக்கத்தில் நின்று கேட்டேன். மந்திரம் இல்லை, பெயர்கள். அப்பா, நான், தங்கை, செத்துப்போன தாத்தா பாட்டி, அப்புறம் எனக்குத் தெரியாத ஒரு பெயர்.

"அது யாரும்மா?"

"ஆயாக் கொட்டகையில உன்னப் பாத்துக்கிட்டவங்க. நான் மரம் வெட்டிட்டுப் பால் எடுத்து ஸ்டோருல கொடுத்துட்டு வர்ற வரைக்கும் நீ அவங்ககிட்டதான் இருப்ப. வேற யாரு சோறு ஊட்டுனாலும் சாப்பிட மாட்ட."

அந்த ஆயா இப்போது உயிரோடு இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் வீட்டில் அவர் பெயர் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. நான் பக்கத்து அறையில் இருந்திருக்கிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்டால், இன்னும் பதில் இல்லை. கதையில் கைகூப்ப வைத்தது சுலபமாக இருந்தது. ஆனால் அம்மாவுக்குச் சாமி மேடை என்பது என்ன என்று இப்போது கொஞ்சம் தெரியும். யாருக்கெல்லாம் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்பதற்கு அவர் வைத்திருக்கும் கணக்குப் புத்தகம் அது. அதில் ஒரு பெயரும் அடிக்கப்படுவதில்லை. நன்றியும் பக்தியும் குடும்பமும் அவரிடம் மூன்று தனி விஷயங்கள் இல்லை.

என் வயதில் எழுத வருகிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அப்பா அம்மாவைப் பற்றி எழுதுங்கள், கண்டிப்பாக எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். என்ன வேலை, எத்தனை மணிக்குப் பெரட்டு, என்ன சம்பளம், யார் உதவினார்கள், யார் ஏமாற்றினார்கள். பதில்கள் நம் கதையின் அழகான முடிவைக் கெடுத்துவிடலாம். கெடட்டும்.

அப்பாவிடமும் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே ஆரம்பித்தார். "பம்பு நெறஞ்சா பதினாறு லிட்டரு. முதுகுல மாட்டிக்கிட்டு மேட்டுல ஏறணும். வாயில ஒரு துண்டு, அவ்வளவுதான்." தொழிற்சாலையில் தூசு படாத அறைக்குள் நுழைய நான் தலையிலிருந்து கால்வரை மூடும் உடை போட்டுக்கொள்கிறவன். அது மனிதனிடமிருந்து பொருளைக் காப்பாற்றுவதற்கான உடை என்று அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

அந்தப் பழைய கதையை எங்கேயும் அனுப்பவில்லை. புதிதாக எழுத இன்னும் முடியவில்லை. கேட்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது.