பாத்தும்மா என்பது பிழையா?

வைக்கம் முஹம்மது பஷீர் 1959இல் வெளியிட்ட மலையாளக் குறுநாவலைக் குமரி மாவட்டத்தவரான குளச்சல் மு. யூசுஃப் 'பாத்துமாவின் ஆடு' எனத் தமிழாக்கியுள்ளார். தலைப்பிலுள்ள பெயரை 'ஃபாத்திமா' எனத் திருத்தாது விட்டமை பாராட்டிற்குரியது. பாத்தும்மா, பாத்து என்றெல்லாம் அழைப்பது புனிதப் பெயரைச் சிதைப்பதாகும் எனக் கடிந்துகொள்வோர் நம்மிடையே உளர். அரபு இலக்கணம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

'ஃபதம' எனும் வினைக்குத் துண்டித்தல் என்பதும், குழந்தையைப் பால்குடி மறக்கச் செய்தல் என்பதும் பொருள். அதன் செய்வினைப் பெயரே ஃபாத்திமா: பால் மறக்கச் செய்பவள். 'நரகிலிருந்து விலக்கப்பட்டவள்' என்று மேடைகளில் கூறப்படும் விளக்கம் சொல்லமைப்போடு இசையவில்லை. அப்பொருளுக்கு 'மஃப்தூமா' என்றல்லவா வரவேண்டும்? இப்பெயர் இஸ்லாத்திற்கு முன்பே அரபுகளிடம் வழங்கியது. அலீ (ரலி) அவர்களின் தாயார் பெயரும் ஃபாத்திமாவே. பிறந்த பெண்மகவு வளர்ந்து, தாயாகி, தன் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் நாள்வரை வாழட்டும் எனும் நல்வாழ்த்தாக இதனைக் கொள்வதே பொருந்தும்.

இனி, பெயரைக் குறுக்குவது பற்றி. விளிக்கும்போது இறுதியெழுத்தைக் களைவதை அரபு இலக்கணிகள் 'தர்கீம்' என்பர். இம்ரவுல் கைஸ் தம் முஅல்லகாவில் காதலியை 'ஃபாத்திம' என்றே விளிக்கிறார். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை 'யா ஆயிஷ்' என அழைத்தமை புகாரீயில் பதிவாகியுள்ளது. நம் வீட்டுப் 'பாத்து' இவ்வன்பு வழக்கிற்கு உறவுடையதேயன்றி அறியாமையின் விளைவன்று.

பாத்தும்மாவில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. தமிழ் நாவுக்கு அயலான ஃபகரம் பகரமாயிற்று; ஈற்றில் 'உம்மா' வந்தமர்ந்தது. பால் மறக்கடித்தலைக் குறிக்கும் பெயருக்குள் நம் முன்னோரின் செவி தாயைக் கேட்டிருக்கிறது! 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததால், வைக்கத்தின் பாத்தும்மா நாஞ்சில் நாட்டு வாசகருக்கு அயலவள் அல்லள்.

பஷீரின் கதையில் ஆடு ஈன்றபின் அதன் பாலைச் சுற்றியே வீட்டில் களவும் கலகமும் நிகழ்கின்றன. அவர் அகராதியைப் பார்த்துப் பெயர் சூட்டினார் என நான் வாதிடவில்லை. பாத்தும்மா அவருடைய சொந்தத் தங்கையின் பெயர். ஆயினும் அரபறிந்தவர் இப்பொருத்தத்தைக் கண்டு புன்னகைக்காமல் இருக்க முடியாது.

தமிழ்த் தலைப்பில் ஒரு மகர மெய் குறைந்ததே எனக்குள்ள மனக்குறை. பாத்தும்மாவில் ஒலிக்கும் உம்மா, பாத்துமாவில் ஒலிக்கவில்லை.