எலுமிச்சம்பழ அளவு புளி

2003 ஆகஸ்டில் முதுகலைப் படிப்புக்காக ஒஹாயோ வந்து சேர்ந்தேன். மூன்றாவது வாரம், நான்கு பேர் இருந்த அறையில் சமையல் முறை எனக்கு வந்தது. தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி அம்மாவைக் கூப்பிட்டேன். புளிக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டதற்கு "எலுமிச்சம்பழம் அளவு" என்றாள். கடையில் வாங்கி வைத்திருந்த மஞ்சள் எலுமிச்சையை மேசையில் வைத்து, அதே பருமனுக்குப் புளியை உருட்டிக் கரைத்தேன். அமெரிக்கக் கடைகளில் மஞ்சளாக விற்பது நம்மூர் எலுமிச்சை அல்ல. அது வேறு பழம். நம்முடையதைப் போல் இரண்டு மடங்காவது இருக்கும். அன்று ஆந்திர நண்பன் ஒருவன் மட்டும்தான் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டான்.

அம்மா சொன்னது தவறில்லை. அவள் சொன்ன அளவுக்கு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரை விட்டுவிட்டு அளவை மட்டும் நான் எடுத்து வந்திருந்தேன்.

அதே 2003இல்தான் ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' நாவல் வெளிவந்தது. படித்தது சில ஆண்டுகள் கழித்து, வேலைக்காக ஊர் ஊராகப் பறக்கத் தொடங்கிய பிறகு, ஒரு விடுதி அறையில். பக்கத்தில் நுண்ணலை அடுப்பில் சுடவைத்த சோறும் பெட்டியில் எப்போதும் கிடக்கும் பருப்புப் பொடியும் இருந்தன. நாவலின் முதல் காட்சி ஒரு சமையலறை. 1968 ஆகஸ்ட், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ். பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும் அஷிமா, கல்கத்தா நடைபாதைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் காரப்பொரியைச் செய்து பார்க்கிறாள். பொரிக்குப் பதில் டப்பாவில் வரும் அரிசிப்பொரி, கடையில் விற்கும் வறுத்த வேர்க்கடலை, சிவப்பு வெங்காயம், உப்பு, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய். கடுகெண்ணெய் மட்டும் இல்லை. ருசி பார்க்கிறாள்; வழக்கம்போல் ஏதோ ஒன்று குறைகிறது.

ஊர்ச் சாப்பாட்டு ஏக்கத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நேர்மையான பக்கம் இல்லை. "அம்மா கையால்" என்ற பெருமூச்சு எதுவும் இங்கே கிடையாது. இருப்பதை வைத்து இல்லாததைச் செய்யப் பார்க்கும் ஒரு கை இருக்கிறது. எதற்குப் பதில் எது என்று நமக்குத் தெரிகிறது. அந்தப் பட்டியலிலிருந்தே அவளுடைய தனிமையும் தெரிகிறது. இன்னொன்றையும் லாஹிரி சத்தமில்லாமல் வைத்திருக்கிறார். அஷிமா சமையலறையில் நிற்கும்போது அவள் கணவன் அசோக் படுக்கையறை மேசையில் பாடப்புத்தகத்தில் குனிந்திருக்கிறான். எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவன்.

நம் தமிழ்ப் புலம்பெயர் எழுத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்தப் படுக்கையறையில் இருந்தவர்கள் என்பது என் எண்ணம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் காலாண்டிதழிலும் இதைப் போன்ற இதழ்களிலும் இருபது வருடமாகப் படித்த சாப்பாட்டுக் கட்டுரைகளை நினைத்துப் பார்க்கிறேன். அம்மியில் அரைத்த துவையல், விறகடுப்பு வாசனை, பழைய சோறும் சின்ன வெங்காயமும், கோயில் கொடைக்குப் போட்ட கடையில் வாங்கிய காரச்சேவு. எல்லாவற்றிலும் நாக்கு எழுதியிருக்கிறது, கை எழுதவில்லை. அடுப்படியில் வியர்த்து நின்றவள் கட்டுரையின் கடைசியில் புன்னகைக்க மட்டும் வருகிறாள். எவ்வளவு புளி என்று எவரும் எழுதுவதில்லை, அவருக்கே தெரியாது என்பதால். இங்கே பிறந்தவர்கள் எழுதுவதற்கு வேறு வாய்பாடு உண்டு: பள்ளியில் மதிய உணவு டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் இருந்த பிள்ளை மூக்கைப் பொத்தியது. அதுவும் இப்போது தேய்ந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு சம்பவமாவது நடக்கிறது. டப்பாவை மூடிவைத்த ஒரு பிள்ளை இருக்கிறது. எங்கள் தலைமுறைக் கட்டுரைகளில் வாசனை வரும், கண் கலங்கும், முடிந்துவிடும்.

கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கறிவேப்பிலை மணம்' என்று எழுதாதவர் யார்? அமெரிக்காவில் அது ஏன் சில காலம் கிடைக்காமல் போனது, ஏன் ஒரு மாநிலத்துச் செடியை நினைத்தபடி இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று எழுதி நான் பார்த்ததில்லை. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதிலும் வாழும். அந்தப் பூச்சி ஃபுளோரிடாவில் 1998இலும் நோய் 2005இலும் கண்டுபிடிக்கப்பட்டன. வேளாண் துறை பிடியை இறுக்கியது அதனால்தான். என் வீட்டு ஜன்னலோரம் தொட்டியில் நிற்கும் செடியிலிருந்து ஒரு கொத்து பறிக்கும்போதெல்லாம் ஃபுளோரிடா ஆரஞ்சுத் தோட்டக்காரனின் நினைவு வருகிறது. இது தமிழ் வாழ்க்கை இல்லையா? இதை விட்டுவிட்டு 'மணம்' என்று மட்டும் எழுதினால் ஊரைப் பற்றியும் எழுதவில்லை, இருக்கும் இடத்தைப் பற்றியும் எழுதவில்லை.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். கட்டுரை அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு பற்றியது. சாம்பாரும் ரசமுமாகவே நிரம்பிய புலம்பெயர் ஏக்கத்தில் கருவாட்டுக்கும் ஓர் இடம் கேட்கிறேன் என்ற பெருமை எனக்கு. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னலைத் திறந்து, புகைமணியைக் கழற்றி வைத்துக் கருவாடு வறுத்த பகுதியைப் பலரும் பாராட்டினார்கள். சென்ற ஆண்டு ஆறு மாதம் இங்கே வந்திருந்த அம்மா, ஒரு மத்தியானம் பழைய இதழை எடுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தாள். மடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏல, கருவாட்டுக் கொழம்பப் பத்தி நாலு பக்கம் எழுதிருக்க. அது மீனு வாங்கத் துட்டு இல்லாத வாரத்துல வைக்கதுல்லா? மீனு வாங்குன அன்னைக்கு ஒனக்கு ஞாவகமே இல்லியா?"

எனக்கு ஞாபகம் இல்லை. கருவாட்டுக் குழம்புதான் ஞாபகம் இருந்தது. அடிக்கடி வைத்தது அதுதானே. எது மாதக் கடைசி, எது மாதத் தொடக்கம் என்று தட்டைப் பார்த்துச் சொல்லும் வயது எனக்கு அப்போது இல்லை. அது ருசி என்று நாக்குக்குத் தெரிந்தது. அது சமாளிப்பு என்பது குழம்பை வைத்த கைக்குத் தெரிந்திருந்தது. நான் நாலு பக்கம் கொண்டாடியது அம்மா எங்களிடமிருந்து மறைக்க நினைத்த ஒரு கஷ்டத்தை. அவள் அதில் கோபப்படவில்லை. "எவ்வளவு புளின்னும் போடல. படிக்கவ எப்படி வைப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் கேட்டதிலேயே சுருக்கமான மதிப்புரை அது.

அதற்குப் பிறகு லாஹிரியை மறுபடி எடுத்தேன், இந்த முறை 1999இல் வந்த சிறுகதைத் தொகுப்பிலுள்ள 'மிஸஸ் சென்ஸ்' கதையை. பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பிப்பவரின் மனைவி மிஸஸ் சென், பதினொரு வயது எலியட்டைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்கிறார். தரையில் செய்தித்தாளை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வளைந்த கத்தியின் முன் உட்கார்ந்து காய்கறி நறுக்குகிறார். வங்காளிகள் அதை 'போட்டி' என்பார்கள்; நமக்கு அது அரிவாள்மனை. மேலோட்டமாகப் பார்த்தால் மீனுக்கு ஏங்கும் பெண்ணின் கதை. மீனுக்காகத்தான் அவர் பயந்து பயந்து கார் ஓட்டக் கற்கிறார், கடைசியில் மோதவும் செய்கிறார். ஆனால் நடுவில் ஒன்று சொல்கிறார். ஊரில் கல்யாணம் என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு அரிவாள்மனையோடு வந்து, மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து, இரவெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டே காய் நறுக்குவார்கள். அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது. இங்கேயோ நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை. அவர் இழந்தது மீனைவிட அந்தச் சத்தத்தை. கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை. ருசியை மட்டும் தேடுகிறவர்களுக்கு இது படிக்கும்போதே நழுவிவிடும். முதல் தடவை எனக்கும் நழுவியது.

இதை எனக்கு இன்னும் தெளிவாகக் காட்டியவர் ரொறன்ரோ நண்பர். ஒரு வேலைக்காக அங்கே நான்கு மாதம் திங்கள் போய் வியாழன் திரும்பிக்கொண்டிருந்தேன். அவருடைய சொந்த ஊர் மயிலிட்டி. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. ஸ்காபரோவில் ஒடியல் மா பாக்கெட்டில் கிடைக்கிறதே, கூழ் காய்ச்சிக் குடிக்கலாமே என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "தனி ஆளுக்குக் கூழ் காய்ச்சேலாது" என்றார். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று எல்லாம் ஒரே பானையில் விழ வேண்டும். சுற்றியிருந்து பிளாவில் ஊற்றிக் குடிக்க ஆள் வேண்டும். "நீங்கள் ஊருக்குப் போனால் அம்மா வைச்சுத் தருவா. அதுக்குப் பேர் ஆசை. எங்கட கதை வேற" என்றார்.

விமானச் சீட்டு எடுத்தால் தீர்ந்துவிடும் என் பசியையும் அவருடையதையும் 'புலம்பெயர் ஏக்கம்' என்ற ஒரே சொல்லுக்குள் நம் விமரிசனம் இன்னும் போட்டுவைத்திருக்கிறது. தொகுப்புகளில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன, ஒரே முன்னுரையின் கீழ். என்னைப் போன்றவர்கள் அவர்களுடைய சொற்களை இரவல் வாங்கி எழுதுகிறோமோ என்ற சந்தேகம் அன்றிலிருந்து எனக்கு உண்டு. கட்டாயத்தால் வந்தவனின் தொனியில், சம்பளத்துக்கு வந்தவன் குழம்பைப் பற்றி எழுதுவது.

அப்படியானால் கை எழுதிய நூல் நம்மிடம் இல்லையா? இருக்கிறது; இலக்கியப் பக்கங்களில் அதற்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதலில் வந்தது 1951இல். கல்யாணமாகி வெளிநாடு போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் நகைக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவே அது இருந்தது. பிறகு ஆங்கிலத்திலும் வந்தது. என் மனைவிக்கு அவளுடைய தோழி கொடுத்த பிரதியின் அட்டை போய்விட்டது; ரசப் பக்கத்தில் மஞ்சள் விரல்தடம். அந்த நூலின் அழகு, படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. தெரியாததற்காக அது நம்மைக் கேலி செய்வதில்லை. அடுப்படியில் தனியாக நிற்கும் ஒருத்திக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்ன, எவ்வளவு, எதற்குப் பின் எது என்று சொல்கிறது. மிஸஸ் சென் இழந்த வட்டத்தில் ஓர் ஆளாவது திரும்ப வந்தது போல.

ஆனால் அது ஒரு சமூகத்தின் சைவச் சமையலறை. எங்கள் அம்மாவின் நெத்திலிக் கருவாடு அதில் இல்லை, இருக்கவும் முடியாது. இன்னும் எத்தனையோ சமையலறைகளின் அளவுகள் 1951இலும் எழுதப்படவில்லை, அதற்குப் பிறகும் பெரும்பாலும் எழுதப்படவில்லை. அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்: படித்தோம், எழுதக் கற்றோம், எழுத இதழும் கிடைத்தது. நாங்கள் மணத்தை எழுதிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை அவளைக் கொரியக் கடைக்கு அழைத்துப் போனேன். ஐஸில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூன்று வகையை ஒதுக்கி, கடைசியில் சாளை போன்ற ஒன்றை எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் என் மகள் சமையல் தராசை மேடையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கை போகும் வேகத்துக்குப் பதினான்கு வயதுப் பிள்ளையால் ஈடுகொடுக்க முடியவில்லை; "ஆச்சி, ஒன் மினிட்" என்று கையைப் பிடித்து நிறுத்தி, பிடியிலிருந்ததைத் தராசில் கொட்டச் சொன்னாள். புளி 27 கிராம். "இது கொட்டையில்லாத புளி. ஊர்ப் புளின்னா இன்னுங் கொஞ்சம் கூட வேணும்" என்றாள் அம்மா, அதையும் எழுதிக்கொண்டாள். மிளகாய்த் தூள், மல்லித் தூள், தேங்காய், சின்ன வெங்காயம், எல்லாவற்றுக்கும் எண் விழுந்தது. எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலை. இருபது நிமிடத்தில் பாதிதான் முடித்திருந்தேன்.

குழம்பு கொதிக்கும்போது மகள் எழுதியதை எழுத்துக்கூட்டி ஆச்சிக்கு வாசித்துக் காட்டினாள். தலைப்பு 'மீன் வாங்கின நாள் குழம்பு'. அம்மா கரண்டியோடு நின்று கடைசி வரி வரை கேட்டாள்.

"உப்ப எழுதலியேட்டி" என்றாள்.