பெடர்சன் துப்பாக்கி: முழுத் தோல்வியா?

அமெரிக்கப் படைக்குத் தானே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கியைத் தந்தவர் ஜான் காரண்ட். அவரோடு போட்டியிட்டுத் தோற்றவர் ஜான் பெடர்சன். படைக்கல வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு பெடர்சனை முடித்துவிடுகிறது. இத்தீர்ப்பு சரிதானா என்று பார்ப்போம்.

பெடர்சன் 1920-களில் அமைத்த துப்பாக்கி 0.276 அங்குலக் குண்டைச் சுட்டது. தோட்டாவின் பின்னால் நின்று அறையை மூடும் போல்ட்டை இதில் தாழிடுவதில்லை. முழங்கால் போல மடங்கும் ஒரு கணு, போல்ட் பின்வாங்குவதைச் சற்றே தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். எனவே, குழலுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும்போதே போல்ட் நகரத் தொடங்கும். அந்நேரம் தோட்டாவின் பித்தளை உறை விரிந்து அறைச் சுவரை இறுகப் பற்றியிருக்கும். வலிந்து இழுத்தால் உறை கிழியும் அல்லது சிக்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்கத் தோட்டாக்களுக்கு மெல்லிய மெழுகு பூசினார் பெடர்சன்.

குறை இங்கேதான் இருக்கிறது. அம்மெழுகு கெட்டியானது, கையில் ஒட்டாதது என்பது உண்மையே. ஆயினும், துப்பாக்கியின் குறையைத் தோட்டாவின் தலையில் சுமத்துவது நல்ல பொறியியல் ஆகாது. போர்க்காலத்தில் கோடிக்கணக்கில் செய்யப்படும் தோட்டாக்கள் ஒவ்வொன்றிலும் அப்பூச்சு சரியாக அமையவேண்டும் அல்லவா? காரண்டின் துப்பாக்கியிலோ போல்ட் சுழன்று தாழிட்டுக்கொள்ளும். குண்டு குழல்முனையை நெருங்கிய பிறகே வெடிவாயு ஒரு தண்டைத் தள்ளித் தாழைத் திறக்கும். அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்துவிடும். மெழுகு தேவையில்லை.

ஆனால், 0.276 அங்குலத் தோட்டாவும் பெடர்சன் வடிவமைத்ததே. சிறிய குண்டு போதும் என்பதை 1928-ல் பன்றிகளைச் சுட்டு நடத்திய சோதனைகள் ஆதரித்தன. காரண்டும் அத்தோட்டாவுக்கு ஏற்பப் பத்துக் குண்டுகள் கொள்ளும் துப்பாக்கி செய்தார். 1932-ல் படைத்தலைவர் மக்கார்தர் அதை மறுத்தார், 0.30 அங்குலத் தோட்டாக்கள் ஏராளமாகக் கையிருப்பில் இருந்தன. காரண்ட் தம் துப்பாக்கியைப் பெரிய தோட்டாவுக்கு மாற்றினார்; கொள்ளளவு எட்டாகக் குறைந்தது. அதுவே 1936-ல் எம்-1 என்ற பெயரில் ஏற்கப்பட்டது.

1960-களில் அதே அமெரிக்கப் படை 5.56 மில்லிமீட்டர் குண்டுக்கு, அதாவது சுமார் 0.22 அங்குலத்துக்கு இறங்கியது. ஆகவே, பெடர்சனின் பொறியமைப்பையும் தோட்டாவையும் தனித்தனியே மதிப்பிடுவதே முறை. முன்னது தகுதிக் குறைவால் தோற்றது. பின்னது கிடங்கில் இருந்த பழைய சரக்கினால் தோற்றது. இரண்டையும் ஒரே தோல்வியாக எழுதும் வரலாறு மாணவருக்குத் தவறான பாடத்தையே கற்பிக்கும்.