கூடு பொருந்தினால் போதுமா?

பழைய ஐரோப்பிய வேட்டை ரைஃபிள்கள் பலவற்றுக்கு இன்று கடையில் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் கிடைக்கிற வேறொரு பித்தளைக் கூட்டை வெட்டி, டையில் அழுத்தி, கழுத்தைத் திருத்தி, வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கென்றே கையேடுகளும் உண்டு. அமெரிக்கரான ஜான் டோனலியின் தடிமனான கையேடு அதில் பேர்போனது. தோட்டாவின் பெயரைத் தேடினால் படம், அளவுகள், எந்தக் கூட்டிலிருந்து செய்யலாம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். மறைந்துபோன தோட்டாக்களுக்கு ஒரு அகராதி மாதிரி. படிக்கச் சுகமான புத்தகம்தான்.

என் குறை இந்த வகைக் கையேட்டின் அமைப்பு மேல. எல்லாம் தோட்டாவின் பெயரில் தொடங்குது. ஆனா பழைய துப்பாக்கி விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியதே பெயரைத்தான்.

8×57 மவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய ராணுவத்துக்காக 1888ல் வந்தது. குண்டின் விட்டம் சுமார் 8.08 மில்லிமீட்டர். 1905ல் கூர்முனைக் குண்டு வந்தபோது விட்டம் சுமார் 8.2 ஆனது. கூடு? ஏறக்குறைய அதே கூடு. ராணுவம் மாறிவிட்டது, வேட்டைத் துப்பாக்கி செய்தவர்களோ பழைய குழலையும் பல வருஷம் விடவில்லை. பழையதுக்கு 'ஐ', புதியதுக்கு 'ஐஎஸ்' என்று பெயர். (ஐ என்றால் காலாட்படை. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் ஐ, ஜே இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் அமெரிக்காவில் அது 'ஜே' ஆகிவிட்டது. எழுத்தே குழம்பும்போது மற்றதைச் சொல்லணுமா?)

வித்தியாசம் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் ஐஎஸ் தோட்டா பல சமயம் ஐ துப்பாக்கியின் அறையில் தடையில்லாமல் போய் உட்காரும். சுட்டால் பெரிய குண்டு சின்னக் குழலில் நெருக்கிக்கொண்டு போகணும், அழுத்தம் எகிறும். இந்தப் பயம் தரநிலைகளிலேயே தெரிகிறது. இதே தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரநிலை 3,900 பார், அதாவது சுமார் 56,500 பிஎஸ்ஐ வரை அனுமதிக்கிறது. அமெரிக்கத் தரநிலை வெறும் 35,000. ஒரே பெயருக்குள் இரண்டு குழல், இரண்டு அழுத்தம்.

கூட்டு வேலையிலும் இதே மயக்கம். .30-06 கூட்டின் அடிப்பாகம் மவுசர் கூட்டோடு கிட்டத்தட்ட ஒன்றுதான். 63 மில்லிமீட்டரை 57ஆக வெட்டி டையில் விட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் புதுக் கழுத்து விழும் இடம் பழைய கூட்டின் தோள்பக்கம். அங்கே பித்தளை தடிமன் அதிகம். உள்ளே கடைந்து மெலிதாக்காவிட்டால் சுடும்போது கழுத்து விரிய இடமிருக்காது, குண்டை விடாது. வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமான கூடு.

ஆகவே கையேடு துப்பாக்கியில் தொடங்கணும். மெத்தென்ற ஈயத்தைக் குழலுக்குள் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் விட்டம் தெரிந்துவிடும். அறைக்கு வார்ப்பு எடுக்கலாம், குழலில் உள்ள சோதனை முத்திரைகளைப் படிக்கலாம். இதை முன்னுரையில் எச்சரிக்கையாகப் போட்டால் போதாது. கூடு பற்றிய ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே முதல் வரியாக நிற்கணும்.

இன்னொன்று, செய்த கூட்டின் அடியில் பொறித்த எழுத்து மாறுவதில்லை. செய்தவருக்கு விஷயம் தெரியும். அவர் போன பிறகு பெட்டியைத் திறக்கும் மகனுக்கோ பேரனுக்கோ அதில் .30-06 என்றுதான் தெரியும். முனையில் இருக்கும் குண்டு ஐயா ஐஎஸ்ஸா என்பதை அந்தத் தோட்டாவில் எதுவும் சொல்லாது.