நூறு புள்ளிகள், ஐந்து கிராமங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆண்டறிக்கையில் மாணவர் அமைப்புகளுக்கென்றே பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். துறைச் சங்கம், ஐ.இ.இ.இ. மாணவர் கிளை, எஸ்.ஏ.இ. மன்றம், என்.எஸ்.எஸ்., ரோட்டராக்ட் என்று ஒவ்வொன்றும் கல்லூரிக்கு வெளியே ஏதாவது செய்திருக்கும். அரசுப் பள்ளியில் ஒருநாள் ரோபோட்டிக்ஸ் பயிலரங்கு, கிராமத்தில் குடிநீர்ப் பரிசோதனை, மரக்கன்று நடுதல், சாலைப் பாதுகாப்புப் பேரணி. எத்தனை மாணவர்கள், எத்தனை மணி நேரம், முதன்மை விருந்தினர் யார் என்ற விவரமெல்லாம் ஜியோ-டேக் செய்த படங்களோடு இருக்கும். பயிலரங்கு முடிந்த ஆறாவது மாதத்தில் அந்தப் பள்ளியில் என்ன நடந்தது என்பதைத்தான் அதில் காண்பது அரிது. இதை எழுதியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. கொடுப்பவர் செலவிட்ட நேரத்தை மட்டுமே கணக்கில் வைக்கும் ஒரு முறை இப்படிப்பட்ட அறிக்கையைத்தான் தரும்.

அந்தக் கணக்குக்கு வயது அதிகம். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.), இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்று சேவையை மணிக்கணக்கில் வரையறுத்தது. 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான், உயர்கல்வி நிறுவனங்கள் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்கச் சொன்னது. பிறகு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.), நான்காண்டுப் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் சமூகச் செயல்பாடுகளில் நூறு புள்ளிகள் எடுக்கவேண்டும் என்றது. இவற்றின் நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் மணி, கிராமம், புள்ளி என்ற மூன்று அளவுகளும் கல்லூரியின் பக்கத்திலிருந்து எண்ணப்படுபவை. ஊரின் பக்கத்திலிருந்து எண்ணும் அளவு ஒன்றுகூட அன்றாட நடைமுறையில் வேரூன்றவில்லை.

இதைச் சொல்வதால் இந்தப் பணிகளின் பயனைக் குறைத்துப் பேசுவதாகாது. வகுப்பறைக் கணக்கில் தேவையான மதிப்புகள் எல்லாம் வினாவிலேயே இருக்கும், விடையும் ஒன்றுதான். ஒரு கிணற்று நீரின் தரத்தைச் சோதிக்கப் போகும் மாணவிக்கு அந்த வசதி கிடையாது. உப்பின் அளவைக் கருவி காட்டிவிடும். அந்தக் கிணற்றை யார் பயன்படுத்துகிறார்கள், யாருக்கு அங்கே தண்ணீர் எடுக்க அனுமதியில்லை, ஊராட்சிச் செயலரிடம் எப்போது பேசினால் வேலை நடக்கும் என்பதையெல்லாம் அவள் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுவது, கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்குவது, ஸ்பான்சர் தேடுவது, கணக்கு ஒப்படைப்பது, நண்பர்கள் கடைசி நேரத்தில் கைவிட்டால் சமாளிப்பது ஆகியவையும் பொறியாளருக்கு வேண்டிய திறன்கள்தாம். எந்தப் பாடத்திட்டமும் இவற்றை இவ்வளவு மலிவாகக் கற்றுத்தந்ததில்லை. பொறியாளரின் சமூகப் பொறுப்பையும் குழுவாக வேலை செய்யும் திறனையும் தேசிய அங்கீகார வாரியம் (என்.பி.ஏ.) தன் பட்டதாரிப் பண்புகளில் சேர்த்திருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் அந்த இரண்டும் உண்மையாகவே வளரும் இடம் மாணவர் அமைப்புதான்.

கோளாறு மாணவர்களின் மனத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பொறுப்பாளர்களாகிறார்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு நெருங்கிவிடுகிறது. அடுத்த பருவத்தின் பாதியை சிம்போசியம் விழுங்கிவிடுகிறது. இறுதியாண்டில் பிளேஸ்மென்ட் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உருப்படியாக வேலை செய்யக் கிடைப்பது சில மாதங்கள்தான். பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் பொருத்திய சென்சார் அதற்குப் பிறகுதான் பழுதாகும். அதன் சர்க்யூட் வரைபடம் பழைய செயலாளரின் மடிக்கணினியில் இருக்கும். அவரோ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். புதிய குழுவுக்கு அதைச் சரிசெய்வதில் ஆர்வம் எழாது. திறப்பு விழாவுக்குப் பேனர் உண்டு, விருந்தினர் உண்டு, போகிறவர்களுக்கு வகுப்பு வருகைச் சலுகையான ஓ.டி. உண்டு. பழுது பார்ப்பதற்கு இவற்றில் எதுவும் இல்லை. அதனால் ஒரே நாளில் முடிகிற நிகழ்ச்சிகள் பெருகுகின்றன. மூன்றாண்டு பிடிக்கும் வேலையை யாரும் தொடுவதில்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். மாணவர்கள் கற்கத்தானே வருகிறார்கள், ஊரின் தொட்டியைப் பராமரிப்பது ஊராட்சியின் வேலை அல்லவா என்பது முதலாவது. ஊராட்சியின் வேலைதான். ஆனால் கற்றலை மட்டுமே அளவாகக் கொண்டாலும், தான் செய்த கருவி ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதா என்று பார்க்காத மாணவர் பொறியியலின் பாதியைத்தான் கற்கிறார். புள்ளியும் கட்டாயமும் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி. கட்டாயத்துக்காக முகாமுக்கு வந்து, பிறகு அதிலேயே ஊறிப்போனவர்கள் உண்டு. புள்ளியை ஒழிக்க வேண்டியதில்லை. அதே பள்ளிக்கு இரண்டாம் ஆண்டும் போனால் கூடுதல் புள்ளி, முந்தைய குழு விட்டுப்போனதைப் பழுதுபார்த்தால் அதைவிடக் கூடுதல் என்று மாற்றினாலே பாதிப் போலித்தனம் கழன்றுவிடும். ஒருநாள் நிகழ்ச்சிகூட ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் திருப்பலாமே என்பது மூன்றாவது. திருப்பலாம். ஆனால் திரும்பியதா என்று அறிய யாரும் மறுபடி போகாதபோது அது வாதமாக நிற்காது, நம்பிக்கையாகவே நின்றுவிடும். மாறாக, திருச்சி என்.ஐ.டி.யின் ‘இக்னைட்’ மாணவர் குழு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜே.இ.இ. பயிற்சி தருகிறது. ட்ரோன் பறக்கவிடும் கவர்ச்சி அதில் இல்லை. ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாக வேண்டிய வேலை. பலன் என்ன என்று முடிவில் எவரும் கேட்டுவிடலாம்.

தொடர்ச்சியை அமைப்பாகவே கட்டிய எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டத்தில் முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள், கிரெடிட் உண்டு, பல பருவங்கள் தொடரலாம். ஆட்கள் மாறினாலும் பள்ளியோடும் தொண்டு நிறுவனத்தோடும் உள்ள உறவு அறுவதில்லை. இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யலாம் என்று நினைப்பவர்கள் நம் ஊர்ப் பேராசிரியரின் நிலையைப் பார்க்கவேண்டும். பல சுயநிதிக் கல்லூரிகளில் ஆலோசகராக இருப்பவருக்கு முழு வகுப்புச் சுமை, அங்கீகாரக் கோப்புகள், கோடையில் அட்மிஷன் வேலை எல்லாம் தலைமேல் இருக்கும். அவருடைய நேரத்தில் இந்தப் பணிக்கு இடம் ஒதுக்காமல் மாணவர்களிடம் மட்டும் தொடர்ச்சியை எதிர்பார்ப்பது ஏமாற்று. கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு தன் தோல்விகளைத் தானே ஒப்புக்கொண்டு 2008 முதல் வெளியிட்ட தோல்வி அறிக்கையும் இப்படித்தான். படித்துப் பாராட்டுவது எளிது. தோல்வியை எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம் இருக்கும்வரை இங்கே எந்தக் கல்லூரியும் அதை எழுதாது. அங்கீகாரக் குழுவே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

இதற்கிடையே பெரிய மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது; மாணவர் அமைப்புகள் அதைப் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. 2021 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எந்தப் பள்ளிக்கு உதவப் போகிறோம் என்று பேனர் அடிக்கிறார்களோ, அந்தப் பள்ளியில் படித்தவரே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருக்கக்கூடும். எந்த ஆசிரியர் ஆய்வகச் சாவியைத் தருவார், கோடை விடுமுறையில் பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போகிறார்கள், பெண்பிள்ளையை வெளியூர் அனுப்ப யாரிடம் பேசவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் மேடையில் ஆங்கிலம் பேச வருமா என்பது பொறுப்பாளர் தேர்வில் எழுதப்படாத தகுதியாக இருக்கும்வரை அவர் நாற்காலி அடுக்கும் தொண்டராகவே இருப்பார். பள்ளித் தொடர்புப் பணியை மூன்றாம் ஆண்டுச் செயலாளரிடமிருந்து எடுத்து, அந்தப் பள்ளிகளிலிருந்து வந்த முதலாண்டு மாணவர்களிடமே கொடுத்துவிடலாம். எந்தப் பள்ளி, என்ன வேலை என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அவர்கள் கையில் ஒரு தவணைக்குப் பதிலாக நான்கு ஆண்டுகள் முழுதாக இருக்கின்றன.